எக்ஸிக்யூட்டிவ் ஃபங்ஷன் கோச்சிங்: தமிழில் என்ன பெயர்?

பாடத்தை அல்ல, வேலையைத் திட்டமிட்டுத் தொடங்கி முடிக்கும் திறனைப் பிள்ளைகளுக்குக் கற்றுத் தருவதை ஆங்கிலத்தில் 'எக்ஸிக்யூட்டிவ் ஃபங்ஷன் கோச்சிங்' என்கிறார்கள். முதலில் 'கோச்சிங்'கைப் பார்ப்போம். ரயில் டிக்கெட்டில் வரும் 'கோச்'சும், நீட் தேர்வுக்காகப் பிள்ளைகளை அனுப்பும் 'கோச்சிங்'கும் ஒரே சொல்தான். ஹங்கேரியில் கோச் என்றொரு சிற்றூர் உண்டு. 15ஆம் நூற்றாண்டில் அங்கே செய்த குதிரைவண்டிகள் பேர்பெற்றவை. ஊர்ப்பெயர் வண்டிக்கு ஒட்டிக்கொண்டு ஐரோப்பிய மொழிகள் பலவற்றுக்கும் போனது. 1830களில் ஆக்ஸ்ஃபோர்டு மாணவர்கள், தேர்வில் தங்களைக் கரைசேர்க்கும் தனி ஆசிரியரை விளையாட்டாக 'கோச்' என்றார்கள். வண்டியில் ஏற்றிப் போய் ஊரில் இறக்கிவிடுகிறவர் என்று பொருள். விளையாட்டுப் பயிற்சியாளருக்கு அந்தப் பெயர் வந்தது அதற்கும் பிறகுதான்.

நம் சொல்லான 'பயிற்சி' வேறு திசையில் போகிறது. 'பயில்' என்றால் செறிதல், திரும்பத் திரும்ப நிகழ்தல். மரம் பயில் சோலை என்றால் மரங்கள் நெருங்கி நிற்கும் சோலை; செய்யுளில் ஒரு சொல் 'பயின்று வருகிறது' என்றால் அடிக்கடி வருகிறது. சுழல், சுழற்று என்பது போலப் பயில், பயிற்று. ஆக, பயிற்றுதல் என்பது மற்றவரைத் திரும்பத் திரும்பச் செய்ய வைப்பது. இங்கே மாணவர் வண்டியில் உட்கார்ந்து வருவதில்லை, நடந்துதான் வரவேண்டும். எனக்கு இந்தச் சொல் மிகவும் பிடித்திருப்பது இதனால்தான்.

சரி, 'எக்ஸிக்யூட்டிவ்'? அதன் லத்தீன் வேர், கடைசிவரை பின்தொடர்ந்து முடிப்பதைக் குறிப்பது. திட்டமிடுவது, தொடங்குவது, செய்துகொண்டிருப்பதை மனத்தில் நிறுத்துவது, கவனம் சிதறும்போது தன்னை அடக்குவது, வழி சரிப்படாவிட்டால் மாற்றிக்கொள்வது ஆகியவற்றை உளவியலில் இந்தப் பெயரில் சேர்க்கிறார்கள். இதில் பெரும்பங்கு மூளையின் முன்பகுதிக்கு. அந்தப் பகுதி முதிர்ந்து முடிய இருபது வயதும் தாண்டிவிடும். பத்தாம் வகுப்புப் பிள்ளையை 'சோம்பேறி' என்று திட்டுமுன் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

தமிழில் இதை 'நிர்வாகச் செயல்பாடு' என்று எழுதுகிறார்கள். படித்தவுடன் கோப்பும் மேசையும்தான் கண்முன் வருகின்றன. இலங்கைத் தமிழர்கள் 'எக்ஸிக்யூட்டிவ் பிரசிடென்ட்' என்பதை 'நிறைவேற்று ஜனாதிபதி' என்று எழுதுவதைப் பாருங்கள். லத்தீன் வேரின் பொருள் அப்படியே அதில் இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு 'நிறைவேற்றுத் திறன்' என்று சொல்லலாம் என்பது என் கருத்து. மொத்தமாக, 'நிறைவேற்றுத் திறன் பயிற்சி'.

டியூஷனுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு அந்தப் பெயரிலேயே தெரியும். டியூஷனில் இயற்பியல் கணக்கைச் சொல்லித் தருவார்கள். இங்கே, கணக்கு தெரிந்தும் ரெக்கார்டு நோட்டைக் கடைசி இரவுவரை தொடாத பிள்ளையோடு உட்கார்ந்து, 'இயற்பியல் படிக்கணும்' என்ற மலையை 'இன்று மாலை 6 மணிக்கு முதல் சோதனையின் படம் மட்டும்' என்று உடைக்கக் கற்றுத் தருவார்கள். முதல் சில வாரங்கள் பயிற்றுநர் கூடவே உடைப்பார். அப்புறம், 'அடுத்து என்ன?' என்று கேட்பதோடு நிறுத்திக்கொள்வார். பிறகு அந்தக் கேள்வியையும் பிள்ளையே தன்னிடம் கேட்டுக்கொள்ளும்.

இதோடு சேர்த்துச் சொல்லப்படும் 'ஸ்டடி ஸ்கில்ஸ்' என்பதற்குப் புதுச்சொல் தேடத் தேவையில்லை. குறிப்பெடுப்பது, புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்ப்பது எல்லாம் 'படிக்கும் முறை'தான். வீட்டில் எல்லோரும் ஏற்கெனவே அப்படித்தான் சொல்கிறார்கள்.