மீற்றர் 70 என்றால் வாகனம் ஓடுவது 70 தானா?

கந்தளாயிலிருந்து திருகோணமலைக்கு வரும் வீதியில் முள் 70இல் நிற்கும்போது, பக்கத்தில் இருப்பவரின் கைபேசியில் ஜீபிஎஸ் 66, 67 என்று காட்டுவதைப் பலரும் கவனித்திருப்பார்கள். எது பழுது என்று தேடத் தேவையில்லை. வாகனத்தைச் செய்தவர்களே வேக மீற்றரைக் கூட்டிச் சொல்லும்படி அமைத்திருக்கிறார்கள்.

காரணம் சட்டம். பல நாடுகள் பின்பற்றும் ஐ.நா.வின் 39ஆம் இலக்க வாகன ஒழுங்குவிதிப்படி, மீற்றர் காட்டும் வேகம் உண்மை வேகத்தைவிட ஒருபோதும் குறையக்கூடாது. கூடலாம். காரென்றால் உண்மை வேகத்தின் பத்திலொரு பங்கு, அதற்குமேல் ஒரு 4 கிலோமீற்றர், அவ்வளவுதான் எல்லை. உண்மையில் 50இல் ஓடும் கார் 59 வரை காட்டலாம். 70இல் ஓடுவது 81 வரை. நம் வீதிகளில் நிறைந்திருக்கும் ஜப்பான் வாகனங்கள் அந்நாட்டுச் சோதனையில் வேறு கணக்குக்கு உட்பட்டவை: 2007க்குப் பின் செய்தவை மீற்றரில் 40 காட்டும்போது உண்மை வேகம் 30.9க்கும் 42.5க்கும் இடையில் இருந்தால் தேறிவிடும். பார்த்தால் பெரிய இடைவெளிதான்.

இவ்வளவு இடம் விடுவது டயருக்காக. வாகனம் தன் வேகத்தை நேரடியாக அளப்பதே இல்லை. சில்லு எத்தனை தரம் சுற்றுகிறது என்று மட்டுமே எண்ணுகிறது. பழைய ஜப்பான் வாகனங்களில் மீற்றர் கேபிள் ஒரு கிலோமீற்றருக்கு 637 தரம் சுற்றும். கேபிள் போய் மின் உணரி வந்தபோது ஒரு சுற்றுக்கு நான்கு மின் துடிப்பு என்று வைத்தார்கள், கிலோமீற்றருக்கு 2,548. இப்போது பெரும்பாலும் ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சில்லு இறுகிவிடாமல் தடுக்கும் அமைப்பு) உணரிகளே அந்த வேலையைச் செய்கின்றன. எதுவானாலும், ஒரு சுற்றுக்கு இத்தனை மீற்றர் தூரம் என்ற கணக்கைத் தொழிற்சாலையில் ஒரு குறிப்பிட்ட டயருக்குத்தான் போட்டிருப்பார்கள்.

வேகன் ஆர் போன்ற சிறிய கார்களில் வரும் 155/65 ஆர் 14 டயரை எடுப்போம். றிம் 14 அங்குலம், அதாவது 355.6 மில்லிமீற்றர். பக்கச்சுவரின் உயரம் டயரின் அகலமான 155இல் 65 வீதம், மேலும் கீழுமாக 201.5. மொத்த விட்டம் 557. புது டயரின் கட்டை, அதாவது வீதியில் உரசும் மேற்புறத்தின் பள்ள ஆழம், ஏறத்தாழ 8 மில்லிமீற்றர்; 2 மில்லிமீற்றருக்குத் தேயும்போது விட்டத்தில் 12 போய்விடும். அது 2 வீதத்துக்குக் கொஞ்சம் மேல். சின்னச் சில்லு அதே தூரத்துக்குக் கூடுதலாகச் சுற்றும், மீற்றரும் கூட்டிக் காட்டும். இதனால் ஆபத்தில்லை.

ஆபத்து மறுபக்கத்தில். குழி வீதிக்கு உயரம் வேண்டுமென்று அதே றிம்முக்கு 165/70 போட்டால் விட்டம் 586.6, அதாவது 5.3 வீதம் அதிகம். முன்பு மீற்றரில் 70 எனும்போது உண்மை வேகம் 66.5 என்றால், இனி அது சரியாக 70. தொழிற்சாலை விட்டிருந்த பாதுகாப்பு இடைவெளி முழுவதையும் ஒரு சோடி டயர் தின்றுவிட்டது. காற்றுக் குறைவை எல்லோரும் சந்தேகிப்பார்கள்; ஆனால் றேடியல் டயரின் எஃகுப் பட்டி நீளம் மாறாததால் அதன் பங்கு மிகச் சிறிது.

முள்ளுள்ள பழைய கேபிள் மீற்றரின் நோய்கள் வேறு. உள்ளே ஒரு காந்தம் சுழலும். அதைத் தொடாமல் ஓர் அலுமினியக் கிண்ணம் கவிழ்ந்திருக்கும். காந்தம் சுழலும்போது கிண்ணத்தில் சுழல் மின்னோட்டம் எழுந்து அதை இழுக்கும், மெல்லிய சுருள்வில் தடுக்கும், இரண்டும் சமப்படும் இடத்தில் முள் நிற்கும். வில் தளர்ந்தால் கூட்டிக் காட்டும், காந்தம் வலுவிழந்தால் குறைத்துக் காட்டும். முள் நடுங்கினால் பெரும்பாலும் கேபிள் காய்ந்திருக்கும் அல்லது எங்கோ கூர்மையாக வளைந்திருக்கும். கிறீஸ் பூசும்போது கீழ் மூன்றில் இரண்டு பங்குக்கு மட்டும் பூச வேண்டும். மேல்வரை அப்பினால் அது ஏறிக் கிண்ணத்துக்குள் போய் முள் ஒட்டிக்கொள்ளும்.

உங்கள் வாகனத்தின் வழுவை அறிய ஒரு தட்டையான நேர் வீதியும் கூட ஒருவரும் போதும். கைபேசியை முன்கண்ணாடி அருகே வைத்து, வானம் திறந்த இடத்தில் 40, 50, 60, 70 என ஒவ்வொரு வேகத்திலும் பத்து விநாடி மாறாமல் ஓடுங்கள். எழுதுவது பக்கத்து ஆசனக்காரரின் வேலை. வேகம் கூடும்போதோ குறையும்போதோ ஜீபிஎஸ் சற்றுப் பின்தங்கும். அந்த எண்களை விட்டுவிடுங்கள். கைபேசியை நம்பாதவர்கள் கிலோமீற்றர் கற்களைக் கொண்டு 5 கிலோமீற்றருக்கு நேரம் பார்க்கலாம். முள் 60இல் நிற்க 5 நிமிடம் 18 விநாடி எடுத்தால் உண்மை வேகம் 56.6. கிண்ணியாப் பாலம் இதற்குச் சரிவராது. நீளம் 396 மீற்றர், 50இல் கடக்க அரை நிமிடம்கூட ஆகாது. ஒரு விநாடி தவறினால் 3 வீதத்துக்கு மேல் பிழை. மூன்றாம் கட்டை, நாலாம் கட்டை என்ற இடப்பெயர்களை வைத்தும் கணக்குப் போட்டுவிடாதீர்கள், அவை மைல் காலத்துப் பெயர்கள்.

எழுதிய எண்களில்தான் விஷயம் இருக்கிறது. 40இலும் 70இலும் வித்தியாசம் ஒரே 3 என்றால், முள் அல்லது மீற்றர் முழுவதுமாக நகர்ந்திருக்கிறது. 40இல் 2, 70இல் 4 என்று வேகத்தோடு வளர்ந்தால், அது டயரின் வேலையாகவோ தொழிற்சாலை கூட்டியதாகவோ இருக்கும். அந்த இரண்டையும் பிரிக்கத் தூரமானியைப் பாருங்கள். கூட்டிக் காட்டுவது பெரும்பாலும் வேகத்துக்கு மட்டும்தான், தூரத்துக்கு இல்லை. 20 கிலோமீற்றர் கற்களுக்குத் தூரமானியும் 20 காட்டினால் டயர் சரி. 20.6 காட்டினால் டயர் தேய்ந்திருக்கிறது, அல்லது சிறிய அளவு போட்டிருக்கிறீர்கள். 19.4 என்றால் பெரிய டயர். மீற்றரை நம்பி எல்லையை ஒட்டி ஓடுவதை உடனே நிறுத்த வேண்டிய எண் இதுதான்.

ஏனென்றால் பொலிஸாரின் வேகத் துப்பாக்கிக்கு உங்கள் டயர் தெரியாது. அது வாகனத்தின் உண்மை வேகத்தை நேரே அளக்கிறது. வீதியோரத்தில் சாய்வாக நின்று பிடித்தால் சற்றுக் குறைவாகத்தான் காட்டும், 10 பாகை சாய்வுக்கு ஏறத்தாழ ஒன்றரை வீதம். துப்பாக்கியில் 76 வந்த இடத்தில் மீற்றரில் 70தான் நின்றது என்று ஒருவர் சத்தியம் செய்தால், முதலில் அவருடைய டயரின் பக்கச்சுவரில் எழுதியிருக்கும் அளவைப் பார்க்க வேண்டும்.