பிரேக்கர் காப்பது வயரை, ஆளை அல்ல

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் எனக்கு வரும் போன்களில் பாதி ஒரே மாதிரிதான். "கிரைண்டரைத் தொட்டா லேசா சுர்ருங்குது தம்பி. செருப்பு போட்டா ஒண்ணும் தெரியல." பாளையங்கோட்டையோ சேரன்மகாதேவியோ, எந்த ஊரானாலும் இதே பேச்சு. செருப்பைப் போட்டுக்கொண்டே மாதக்கணக்கில் மாவரைக்கிறவர்கள் உண்டு. பிரேக்கர் இருக்கிறது, மூன்று பின் பிளக் இருக்கிறது, அப்புறம் என்ன பயம் என்ற நினைப்பு.

அந்த பிரேக்கர், அதாவது எம்.சி.பி., வயர் சூடேறி எரியாமல் இருக்க வைத்தது. 16 ஆம்பியர் எம்.சி.பி. என்றால் அதைவிடக் கூடுதலாகக் கரெண்ட் ஓடினால்தான் விழும், அதாவது தானாகத் துண்டிக்கும். ஈரக்கையும் வெறுங்காலுமாக நிற்கிற உடம்பின் தடையைச் சுமார் 1000 ஓம் என்று வைத்துக்கொள்வோம். 230 வோல்ட்டை அதால் வகுத்தால் 0.23 ஆம்பியர். ஒரு சீலிங் ஃபேன் இழுக்கிற அளவு. எம்.சி.பி.க்கு இது ஒரு பொருட்டே இல்லை. இதயத் துடிப்பு தாறுமாறாகி ஆள் போய்ச்சேர இதுவே தாராளம்.

கரெண்ட் நம் வழியாக ஏன் போகிறது? புறப்பட்ட இடத்துக்கு அது திரும்பியாக வேண்டும். பேஸில் வந்து நியூட்ரலில் டிரான்ஸ்பார்மருக்குத் திரும்புகிறது. டிரான்ஸ்பார்மரின் நியூட்ரலை மண்ணோடு இணைத்து எர்த் செய்திருப்பதால், மண் வழியாகவும் திரும்பலாம். ஈரத் தரையில் நிற்பவர் அந்தச் சுற்றில் ஒரு துண்டு.

"எர்த் குழிதான் போட்டிருக்கே அண்ணாச்சி" என்பார்கள். சரி, கணக்குப் பார்ப்போம். திசையன்விளை பக்கம் தேரி என்கிற செம்மணல் மேட்டில் வீடு. குழி காய்ந்து கிடக்கிறது. எர்த்தின் தடை 50 ஓம் என்று வையுங்கள். கிரைண்டர் மோட்டாரில் இன்சுலேஷன், அதாவது மின்காப்பு உறை, போய் பேஸ் பாடியில் பட்டால் எர்த்தில் ஓடுவது 4.6 ஆம்பியர். எம்.சி.பி. விழாது. கிரைண்டர் பாடி கிட்டத்தட்ட 230 வோல்ட்டிலேயே நிற்கும். கிரைண்டர் மட்டுமா? வீட்டு எர்த் வயர் எல்லாம் ஒன்றுதான், ஆகவே குளியலறை வாஷிங் மெஷினின் உடம்பிலும் அதே வோல்ட். கோளாறு அடுப்படியில், ஷாக் குளியலறையில்.

இதற்குத்தான் ஆர்.சி.சி.பி., அதாவது கரெண்ட் கசிந்தால் துண்டிக்கும் பிரேக்கர். பேஸில் போன கரெண்ட்டும் நியூட்ரலில் திரும்பியதும் சமமா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். வித்தியாசம் 30 மில்லி ஆம்பியரை எட்டினால் நொடியின் மூன்றில் ஒரு பங்குக்குள் துண்டித்துவிடும். கடையில் 100, 300 மில்லி ஆம்பியரிலும் கிடைக்கும். அவை தீ விபத்தைத் தடுக்க உதவும், ஆள் உயிருக்கு ஆகாது. 'அடிக்கடி விழாது' என்று சொல்லி 100-ஐ மாட்டிவிட்டுப் போகிறவர்களை நிறையப் பார்க்கிறேன். அதன் முகத்தில் எழுதியிருப்பதை நீங்களே படித்துவிடுங்கள். பேஸையும் நியூட்ரலையும் ஒருசேரத் தொட்டால் இதுவும் விழாது, அதையும் சொல்லிவிடுகிறேன். எம்.சி.பி.யும் எர்த்தும் கூடவே வேண்டும்.

மாதம் ஒரு முறை அதிலுள்ள டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள். டப்பென்று விழ வேண்டும். விழாவிட்டால் மாற்றிவிடுங்கள். பட்டன் வேலை செய்வதால் எர்த்தும் சரி என்று அர்த்தமில்லை, அதை மீட்டர் வைத்துத்தான் பார்க்க வேண்டும். கோடையில் எர்த் குழிக்குத் தண்ணீர் ஊற்றுங்கள்.

2023 டிசம்பர் 17, 18-இல் திருநெல்வேலியில் வெள்ளம் வந்து சந்திப்பு (ஜங்ஷன்), வண்ணாரப்பேட்டைப் பகுதி வீடுகளில் தண்ணீர் நின்றதே, அதற்கப்புறம் சுவர் காய்ந்ததும் மெயினைப் போட்டவர்கள் பலர். சுவர் காய்ந்தாலும் சுவிட்ச் பெட்டிக்குள்ளும் பைப்புக்குள்ளும் ஈரம் இருக்கும். இன்சுலேஷன் டெஸ்ட் செய்யாமல் மெயினைத் தொடவே கூடாது.

ஆர்.சி.சி.பி. ஓயாமல் விழுகிறதா? பைபாஸ் பண்ணச் சொல்லாதீர்கள். எல்லா பிளக்கையும் பிடுங்கிவிட்டு மெயினைப் போடுங்கள். விழாமல் நின்றால் ஒவ்வொன்றாகச் செருகுங்கள், எதைச் செருகும்போது விழுகிறதோ அதுதான் கோளாறு. பெரும்பாலும் கெய்சராகவோ மோட்டாராகவோ இருக்கும். எல்லாம் பிடுங்கியும் விழுந்தால் இன்வெர்ட்டர் வயரிங்கைச் சந்தேகப்படுங்கள்: ஆர்.சி.சி.பி.க்கு முன்னும் பின்னும் உள்ள நியூட்ரல்களை ஒன்றாக முறுக்கியிருப்பார்கள். அவற்றைப் பிரித்துப் போட எலக்ட்ரீஷியனுக்கு அரை நாள் வேலை.