ஒரு புள்ளி வைத்ததும் என்ன நடக்கிறது?

மேலூர்ப் பக்கமிருந்து ஒரு கல்லூரி மாணவி கேட்டிருக்கிறார்: "நிரல் எழுத விம், ஈமேக்ஸ் மாதிரி எடிட்டர் நல்லதா, இன்டெல்லிஜே மாதிரி ஐ.டி.இ. நல்லதா? சீனியர் அண்ணன்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். என் லேப்டாப்பில் 4 ஜிபி ராம்தான்."

பழைய கதையைச் சட்டென்று முடித்துவிடுவோம். ஈமேக்ஸ் 1976இல் எம்.ஐ.டி.யில் பிறந்தது, விம் 1991இல் வந்தது. இரண்டிலும் வேண்டிய வசதியை நாமே நிரல் எழுதிச் சேர்த்துக்கொள்ளலாம். ஈமேக்ஸில் ஒரு எழுத்தைத் தட்டினால்கூட லிஸ்ப் என்ற நிரல்மொழியின் கட்டளை ஒன்று ஓடித்தான் அது திரைக்கு வருகிறது. அந்தக் கட்டளையை, ஈமேக்ஸை மூடாமலே, மாற்றிக்கொள்ளலாம். ஐ.டி.இ. என்றால் எடிட்டர், நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர், பிழை தேடும் டீபக்கர் மூன்றும் ஒரே கூரையின் கீழ். நம் ஆய்வகங்களில் நீலத் திரையோடு பல காலம் குடியிருந்த டர்போ சி (1987) அந்த வகைதான். வருஷா வருஷம் ஆயுதபூஜைக்குக் கீபோர்டுக்குச் சந்தனம் வைக்கிறோம்; அந்தப் பழைய மென்பொருளை மாற்றத்தான் பல இடங்களில் மனசு வருவதில்லை.

சண்டையின் மூலம் வேறு. எடிட்டருக்குத் தெரிந்தது எழுத்துகள் மட்டும். எது மாறி, எது செயற்கூறு, புள்ளி வைத்தால் அடுத்து என்னென்ன வரலாம் என்பதெல்லாம் ஐ.டி.இ.க்குத்தான் தெரியும். 10 மொழிகளுக்கு 8 எடிட்டர்களில் இந்த அறிவைப் புகட்ட 80 இணைப்புகள் எழுத வேண்டும். 2016இல் மைக்ரோசாஃப்ட், ரெட்ஹேட், கோடென்வி என்ற மூன்று நிறுவனங்களும் சேர்ந்து அறிவித்த லேங்குவேஜ் சர்வர் புரோட்டோகால் என்ற நெறிமுறை இதை 18 ஆக்கியது: மொழிக்கு ஒரு சர்வர், எடிட்டருக்கு ஒரு இணைப்பு.

சர்வர் என்றதும் எங்கோ தொலைதூரத்தில் இருப்பதாக நினைக்க வேண்டாம். உங்கள் லேப்டாப்பிலேயே தனியாக ஓடும் இன்னொரு நிரல் அது. எடிட்டர் அதற்கு ஜேசான் என்ற எளிய உரை வடிவில் சேதி அனுப்பும். தலைப்பில் சேதியின் நீளம் எத்தனை பைட் என்றிருக்கும். நீங்கள் 12ஆம் வரியின் தொடக்கத்தில் "மதுரை" என்று மேற்கோள் குறிக்குள் எழுதிப் புள்ளி வைக்கிறீர்கள். முதலில் ‘இந்த இடத்தில் இது மாறியது’ என்று ஒரு சேதி போகும். அடுத்தது கேள்வி: ‘வரி 11, இடம் 8, இங்கே என்ன வரலாம்?’

எண்ணுவது பூஜ்யத்திலிருந்து என்பதால் 12ஆம் வரி 11 ஆகிவிட்டது, சரி. 8 எப்படி வந்தது? கண்ணுக்கு மேற்கோள் 2, எழுத்து 3, புள்ளி 1, ஆக 6தான். ஆனால் யூனிகோடில் மதுரை என்பது ம, த, உகரக் குறி, ர, ஐகாரக் குறி என 5 குறியீடுகள். அப்படித்தான் 8. அதையே யூடிஎஃப்-8 என்ற சேமிப்பு முறையின் பைட்டுகளாக (தமிழ்க் குறியீட்டுக்கு 3) எண்ணினால் 18! இந்த நெறிமுறை இயல்பாக எண்ணுவது யூடிஎஃப்-16 என்ற இன்னொரு முறையின் அலகுகளில் (தமிழ்க் குறியீட்டுக்கு 1). அது முதலில் வளர்ந்த மைக்ரோசாஃப்டின் விஎஸ் கோட் எடிட்டர் ஜாவாஸ்கிரிப்டில் ஓடுகிறது, அங்கே சரங்கள் (எழுத்துத் தொடர்கள்) அப்படித்தான். எடிட்டர் ஒரு கணக்கும் சர்வர் இன்னொரு கணக்கும் போட்டால், ஆங்கிலத்தில் மட்டும் எழுதுபவருக்கு ஒன்றும் தெரியாது. தமிழ் ஒரு சொல் நுழைந்ததும் பரிந்துரை தப்பான இடத்தில் போய் உட்காரும். 2022இல் வந்த இந்த நெறிமுறையின் 3.17 பதிப்பிலிருந்து இரு தரப்பும் முதலிலேயே பேசி எந்தக் கணக்கு என்று முடிவு செய்துகொள்ளலாம். தமிழில் சோதித்துப் பார்க்கும் மாணவர்களுக்கு நம் பல்கலைக்கழகங்கள் கொஞ்சம் பணம் ஒதுக்கினால், இம்மாதிரிப் பிழைகள் இன்னும் சீக்கிரம் சிக்கும் என்பது என் கட்சி.

விம்மிலிருந்து கிளைத்த நியோவிம் 2021இலும் ஈமேக்ஸ் 2023இலும் இந்த சர்வர்களோடு பேசும் வசதியை உள்ளேயே சேர்த்துக்கொண்டன. பெரிய அளவில் பெயர் மாற்றுவது, டீபக் செய்வது போன்றவற்றில் ஐ.டி.இ.யின் கை இன்னும் ஓங்கியே இருக்கிறது.

தங்கையின் 4 ஜிபிக்கு வருவோம். விம் தம்மாத்துண்டு. ஆனால் ராமைத் தின்பது சர்வர். விம்மிலும் விஎஸ் கோடிலும் ஜாவாவுக்குப் பெரும்பாலும் ஓடுவது எக்லிப்ஸ் ஐ.டி.இ.யின் குடலிலிருந்து எடுத்த சர்வர்தான்! சி, பைத்தான் என்றால் விம் வைத்து ஓட்டிவிடலாம். ஜாவா வரும் செமஸ்டருக்குள் ராம் கூட்டப் பணம் சேர்த்துக்கொள்ளுங்கள்.