நிறம் பூசும் முன் வால்வ் கவரைத் திருப்பிப் பாருங்கள்

வேலைக்கு வரும் காரின் பானெட்டைத் திறந்ததும் எஞ்சினின் மேல்மூடியான வால்வ் கவர் சிவப்பாகவோ நீலமாகவோ பளிச்சென்று தெரிந்தால், "நிறம் பூசும்போது உள்ளே இருக்கிற தகட்டைக் கழற்றினார்களா?" என்றுதான் முதலில் கேட்பேன். பெரும்பாலும் பதில் வராது. அப்படி ஒரு தகடு இருப்பதே காரின் சொந்தக்காரருக்குத் தெரிந்திருக்காது. பூசிக் கொடுத்தவருக்கும் சில நேரம் தெரிந்திருக்காது.

ஒருமுறை, வால்வ் கவருக்குப் பவுடர் கோட்டிங் (பொடியைத் தூவி ஓவனில் சுட்டு ஒட்டவைக்கும் பூச்சு) முடிந்து இரண்டே வாரமான கார் ஒன்று வந்தது. எஞ்சின் சூடானதும் ஐட்லிங்கில் ஆயில் விளக்கு மினுக்கியது, அடியிலிருந்து தட்டும் சத்தம் வேறு. கவரைக் கழற்றி, ஒரு வெள்ளைக் காகிதத்தின் மேல் கவிழ்த்து ரப்பர் சுத்தியலால் தட்டினேன். பொடி உப்பு போலக் கண்ணாடி மணிகள் உதிர்ந்தன. தட்டத் தட்ட வந்துகொண்டே இருந்தன. ரிவெட்டைத் துளைத்துத் தகட்டை எடுத்தபோது, மூலைகளில் பழைய எண்ணெயோடு கலந்து அப்பியிருந்தது. விரலால் தேய்த்தால் நறநறவென்றது. கிராங்க் ஷாஃப்ட்டைத் தாங்கும் பேரிங்குகளில் வரிவரியாகக் கீறல். அந்த எஞ்சினை முழுவதும் பிரிக்க வேண்டியதாயிற்று.

அந்தத் தகட்டைப் பேஃபிள் என்போம். பிஸ்டன் ஓரமாகக் கசிகிற வாயு எண்ணெய்த் துளிகளையும் சுமந்துகொண்டு மேலே வரும். துளிகளைத் தடுத்துக் கீழே சொட்டவிட்டு, வாயுவை மட்டும், அதைத் திரும்ப எஞ்சினுக்குள் எரிய அனுப்பும் பிசிவி வால்வு பக்கம் அனுப்புவது பேஃபிளின் வேலை. அதனால் அதற்குள் வளைவும் இடுக்கும் அதிகம். பழைய பெயின்ட்டை எடுக்கக் கண்ணாடி மணியோ மணலோ காற்றழுத்தத்தில் அடித்தால் (இதுதான் பிளாஸ்டிங்), அந்த இடுக்குகளில்தான் போய்த் தங்கும். தண்ணீரில் எத்தனை முறை அலசினாலும் முழுவதும் வராது. அப்புறம் எஞ்சின் ஓடும்போது சூடான எண்ணெய் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழுவி, வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட் மேலேயே இறக்கும். ஆயில் ஃபில்டர் பிடித்துக்கொள்ளாதா என்று கேட்பார்கள். எண்ணெய் முதலில் பம்புக்குள் போய்விட்டுத்தான் ஃபில்டருக்கு வருகிறது. குளிர்ந்த எஞ்சினில் எண்ணெய் கெட்டியாக இருக்கும்போது ஃபில்டரின் பைபாஸ் வால்வு திறந்து, வடிகட்டாத எண்ணெயும் போகலாம். பேரிங்கில் இருக்கும் இடைவெளியோ பொதுவாக 0.025 முதல் 0.05 மில்லிமீட்டர்தான். நொறுங்கிய கண்ணாடித் துகள் அங்கே என்ன செய்யும் என்பதை அந்தக் கீறல்களில் பார்த்தேன்.

ஆகவே பேஃபிளைக் கழற்றிய பிறகுதான் பிளாஸ்டிங். ஸ்குரூவில் நின்றால் சுலபம். ரிவெட் என்றால் துளைத்தெடுத்து, மரை போட்டு, திரும்ப மாட்டும்போது ஸ்குரூ கழலாதபடி லாக் பசை இட வேண்டும். கழற்றவே முடியாத அமைப்பு என்றால் மணி, மணல் எதுவும் வேண்டாம். அலுமினியத்துக்கு ஏற்ற பெயின்ட் ரிமூவர் போட்டுக் கையால் தேய்ப்பதே போதும். காஸ்டிக் சோடாவை மட்டும் தொடாதீர்கள், அது அலுமினியத்தையே தின்றுவிடும்.

கவர் எந்தப் பொருளில் செய்தது என்பதையும் பார்த்துவிட வேண்டும். இப்போதைய கார்கள் பலவற்றில் அது பிளாஸ்டிக். 200 டிகிரி செல்சியஸ் ஓவனில் அதை வைக்கவே கூடாது. சில எஞ்சின்களில் மக்னீசியம் கவர் வரும். சந்தேகம் இருந்தால் உட்பக்கத்தில் சிறிது சுரண்டி, வெறும் உலோகத்தில் ஒரு சொட்டு வினிகர் விடுங்கள். பொங்கி நுரைத்தால் மக்னீசியம். அதன் தூள் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றி அணைக்க முடியாது, தண்ணீர் பட்டால் இன்னும் மூர்க்கமாக எரியும். அதற்கென்று அனுபவம் உள்ளவரிடம் மட்டும் கொடுங்கள்.

வார்ப்பு அலுமினியத்தில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டு. வருடக்கணக்கில் ஊறிய எண்ணெய் அதற்குள் இருக்கும். மேலே துடைத்துவிட்டுப் பவுடர் போட்டால், ஓவன் சூட்டில் அந்த எண்ணெய் கொதித்துக் கொப்புளம் கொப்புளமாக எழும். அதனால் முதலில் எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும் டிகிரீசர், அப்புறம் சுடுநீரும் சோப்பும். கழுவியதும் தண்ணீர் ஒரே படலமாகப் பரவி நிற்க வேண்டும், முத்து முத்தாகத் திரண்டால் எண்ணெய் இன்னும் போகவில்லை. பிறகு பவுடர் போடாமலேயே, வேகவைக்கும் சூட்டைவிடச் சற்றுக் கூடுதலான சூட்டில் ஒருமுறை சுட்டெடுத்தால் மிச்சமும் வெளியேறும். ஒரு எச்சரிக்கை: குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் துடைத்த கவரைச் சூட்டில் வைக்காதீர்கள். சூடேறினால் அதிலிருந்து ஃபாஸ்ஜீன் என்னும் நச்சு வாயு வரலாம். கேனில் 'குளோரின் இல்லாதது' என்று போட்டிருக்கிறதா என்று படித்துப் பார்த்து வாங்குங்கள்.

கேஸ்கெட் உட்காரும் விளிம்பு, போல்ட் தலை அமரும் இடம், ஆயில் மூடியின் மரை, ஸ்பார்க் பிளக் துளையின் சீல், எல்லாவற்றையும் மறைத்துவிட்டே பூச வேண்டும். போல்ட்டின் கீழ் பூச்சு இருந்தால் நாளடைவில் அது நசுங்கி, முறுக்கு தளர்ந்து எண்ணெய் கசியும். கசிந்த எண்ணெய், சூடான புகைக் குழாயான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் சொட்டினால் தீப்பிடிக்கவும் வாய்ப்புண்டு. சில எஞ்சின்களில் எர்த் வயர் கவரிலேயே மாட்டியிருக்கும், அந்த இடமும் வெறும் உலோகமாக இருக்க வேண்டும்.

பெயின்டா பவுடரா என்றால், நல்ல ஓவன் வைத்திருப்பவர் கிடைத்தால் பவுடரே என் தேர்வு. எண்ணெய்க்கும் உரசலுக்கும் அது நன்றாகத் தாங்கும். கையால் செய்வதென்றால் எஞ்சின் எனாமல் போதும். மெல்லிய பூச்சாகப் பல முறை அடித்து, கேனில் சொல்லியிருக்கும் நேரம்வரை காத்திருங்கள். சமைக்கிற ஓவனை இதற்குப் பயன்படுத்தவே வேண்டாம்.

திரும்ப மாட்டும்போது புதுக் கேஸ்கெட் போட்டு, கம்பெனி மேனுவல் சொல்லும் வரிசையில், முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரென்ச்சால் முறுக்குங்கள். இந்தப் போல்ட்டுகள் சின்னவை, பல கார்களில் 10 நியூட்டன் மீட்டருக்குப் பக்கத்தில்தான் இருக்கும். வண்டியைச் சூடாகும்வரை ஓடவிட்டு அணையுங்கள். அடுத்த நாள் காலையில் டார்ச் அடித்து, ஒரு வெள்ளைத் துணியை விளிம்பு நெடுக, முக்கியமாகப் பின்பக்க மூலையில், ஓட்டிப் பாருங்கள். துணியில் எண்ணெய் ஒட்டினால் கசிவு இருக்கிறது.