ஒரே வைஃபை சிப், மூன்று டிரைவர்கள்: எதை எதோடு ஒப்பிடுவது?

இன்டெல் 7260 வைஃபை கார்டுக்கு லினக்ஸில் ஐடபிள்யூஎல்வைஃபை என்ற டிரைவர். ஓபன்பிஎஸ்டி, ஃப்ரீபிஎஸ்டி ஆகிய இயங்குதளங்கள் இரண்டிலும் ஐடபிள்யூஎம். ஒன்றில் ஓடுவது இன்னொன்றில் ஓடாவிட்டால் பலர் டிரைவர் மூலக் கோப்புகளை வரிக்கு வரி ஒப்பிட்டு, டிஃப் போட்டுப் பார்க்கிறார்கள். வீண் வேலை. டிரைவருக்கு மேலே இருக்கும் பொது வைஃபை அடுக்கே வேறு: லினக்ஸில் மேக்80211, மற்ற இரண்டிலும் நெட்80211. அந்த இரண்டு நெட்80211-உம்கூட எப்போதோ பாகம் பிரிந்த அண்ணன் தம்பி வீடுகள்தான், பெயரை நம்பாதீர்கள்.

மூன்றுக்கும் பொது, இன்டெல் தரும் ஃபர்ம்வேர், அதாவது கார்டுக்குள்ளேயே ஓடும் மென்பொருள். ஆகவே டிரைவர் அதற்கு அனுப்பும் கட்டளைகளை மட்டும் தாளில் வரிசையாக எழுதிக்கொள்ளுங்கள். ஓபன்பிஎஸ்டியில் ஆக்சஸ் பாயின்டோடு இணையும்போது முதலில் ஃபிஸிக்கல் கான்டெக்ஸ்ட் (சேனல் அமைப்பு), அடுத்து மேக் கான்டெக்ஸ்ட் (இணைப்பின் விவரம்), பைண்டிங் (இரண்டையும் கோப்பது), பிறகு ஸ்டேஷன் சேர்ப்பு (ஆக்சஸ் பாயின்டைப் பதிவது), கடைசியில் டைம் ஈவென்ட் (சேனலில் நேரம் ஒதுக்குவது). கடைசியை விட்டுவிட்டால், இணைப்பு முடியும்வரை ஃபர்ம்வேர் அதே சேனலில் நிற்கும் என்று சொல்ல முடியாது.

வரிசை சரியாக இருந்தும் ஃபர்ம்வேர் விழுந்தால் கட்டளையின் பைட் நீளத்தைப் பாருங்கள். ஃபர்ம்வேர் கோப்புக்குள் ஏபிஐ, திறன் கொடிகள் இருக்கின்றன; எந்தக் கட்டளை வடிவம் அதற்குப் புரியும் என்று சொல்பவை. லினக்ஸ் அவற்றைப் பார்த்துப் கட்டளைக்குப் பழைய ஸ்ட்ரக்டா (தரவு அமைப்பா) புதியதா என்று முடிவு செய்கிறது. பிஎஸ்டி டிரைவர்கள் பெரும்பாலும் தாங்கள் சோதித்த பதிப்புக்கே எழுதப்பட்டவை. லினக்ஸிலிருந்து புதிய கோப்பை எடுத்துப் பெயர் மாற்றி வைத்தால் ‘சிஸ்அசெர்ட்’ என்ற ஃபர்ம்வேர் பிழை வரலாம். பிழைப் பதிவில் ‘லாஸ்ட் சிஎம்டி ஐடி’ என்ற வரி இருக்கும். தேடலை அங்கே தொடங்குங்கள்.

இன்னொரு பொறி, பூட்டு: ஒரே தரவை இருவர் ஒரே நேரத்தில் தொடாமல் தடுப்பது. ஃபர்ம்வேரின் பதிலுக்குத் தூங்கிக் காத்திருக்க வேண்டும். இன்டரப்ட் சூழலில், அதாவது வன்பொருள் குறுக்கிட்டு அழைத்த இடத்தில், தூங்க முடியாது. ஓபன்பிஎஸ்டி இணைப்பின் நிலைமாற்றத்தைப் பிறகு செய்ய டாஸ்க் வரிசையில் போட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறது. ஃப்ரீபிஎஸ்டி நெட்80211 பூட்டை விட்டுவிட்டு, டிரைவர் பூட்டைப் பிடித்து, அங்கேயே கட்டளை அனுப்புகிறது. ஒன்றின் துண்டை மற்றதில் அப்படியே ஒட்டினால் டெட்லாக் (ஒன்றுக்கொன்று காத்து உறைவது) அல்லது பேனிக் (கெர்னல் விழுவது).

ஃப்ரீபிஎஸ்டி 13.1 முதல், லினக்ஸ் டிரைவர்களை ஓட்ட உதவும் லினக்ஸ்கேபிஐ வழியாக லினக்ஸ் டிரைவரையும் ஓட்டலாம். அங்கே டிரைவரைத் தோண்டுவதைவிட இடைப்பட்ட அந்த ஒத்திசைவு அடுக்கைப் பாருங்கள்.

நகலெடுக்கும் முன் கோப்பின் முதல் வரியில் உரிமத்தைப் படியுங்கள். ஐடபிள்யூஎல்வைஃபையில் இந்தக் கார்டை இயக்கும் எம்விஎம் பகுதி ஜிபிஎல், பிஎஸ்டி என இரட்டை உரிமம், அதை எடுத்துக்கொள்ளலாம். மேக்80211 ஜிபிஎல் மட்டுமே. படித்துப் புரிந்துகொள்ளலாம், பிஎஸ்டி கெர்னலுக்குள் ஒட்டக் கூடாது.