பழைய காரும் 120 மைக்ரான் பெயிண்டும்

பழைய கார் பார்க்கப் போனால் புரோக்கர் முதலில் சொல்வது பெரும்பாலும் இதுதான்: "முழுக்க ஒரிஜினல் பெயிண்ட் சார், ஒரு டச்சப்கூட கிடையாது." வாங்க வந்தவர் பானெட்டைத் தடவிப் பார்ப்பார், கதவைத் திறந்து மூடுவார், தலையாட்டுவார். கைதேர்ந்த பெயிண்டர் வேலை பார்த்த வண்டியை வெறும் கண்ணால் கண்டுபிடிப்பது சுலபமில்லை. உள்ளங்கையில் அடங்கும் ஒரு சின்னக் கருவிக்கு அது ஒரு நொடி வேலை. பெயிண்டின் கனத்தை அது மைக்ரானில் சொல்லிவிடும். ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்.

பெரும்பாலான கார்களில் கம்பெனி பெயிண்டின் மொத்தக் கனம் 80 முதல் 150 மைக்ரானுக்குள் அடங்கிவிடும். பார்க்க வேண்டியது நிறம் நன்றாக இருக்கிறதா என்பதை அல்ல. பெயிண்டுக்கு அடியில் இருக்கும் தகட்டுக்கு இதுவரை என்ன நடந்திருக்கிறது என்பதற்கு இந்த எண்ணைவிட நேர்மையான சாட்சி கிடையாது. ஏன் என்று புரிய, தொழிற்சாலையில் காருக்கு எப்படி பெயிண்ட் ஏறுகிறது என்று பார்க்க வேண்டும்.

அங்கே பெயிண்ட் அடிக்கும் பிரிவுக்குள் வரும்போது கார் வெறும் எலும்புக்கூடு. சீட் இல்லை, கண்ணாடி இல்லை, ஒயரிங் இல்லை, ரப்பர் பீடிங்கூட இல்லை. வெல்டிங் முடிந்த இரும்புப் பாடி மட்டும். அதைக் கழுவி, துத்தநாக பாஸ்பேட்டால் மிக மெல்லிய ஒரு படலம் ஏற்றுவார்கள். இது பெயிண்ட் பிடித்து நிற்பதற்கு. அப்புறம்தான் முக்கியமான கட்டம்: முழு பாடியையும் ஒரு பெரிய தொட்டிக்குள் முக்குவார்கள். தொட்டியில் இருப்பது தண்ணீரில் கலந்த பெயிண்ட். அதன் துகள்களில் நேர்மின்னூட்டம் இருக்கும். பாடியை எதிர்மின் முனையாக்கி சில நூறு வோல்ட் கொடுத்தால், துகள்கள் எல்லாம் இரும்பை நோக்கி ஓடிவந்து ஒட்டிக்கொள்ளும். இதன் பெயர் இ-கோட்.

இதில் எனக்கு மிகப் பிடித்தது, இந்தப் படலம் தன் கனத்தைத் தானே பார்த்துக்கொள்ளும் விதம். பெயிண்ட் படிந்த இடம் மின்சாரத்தைத் தடுக்க ஆரம்பிக்கும். உடனே மின்னோட்டம் இன்னும் படியாத இடத்தைத் தேடிப் போகும். வெளிப்பரப்பு முடிந்தால் கதவின் உட்புறம், அதுவும் முடிந்தால் கூரையைத் தாங்கும் பில்லருக்குள் இருக்கும் பொந்து, ஸ்ப்ரே கன் ஒருபோதும் எட்டாத பெட்டி வடிவ இடுக்குகள் என்று போய்க்கொண்டே இருக்கும். சில நிமிடங்களில் வெளிப்பரப்பில் ஏறக்குறைய 20 மைக்ரான், பொந்துகளுக்குள் அதைவிடக் கொஞ்சம் குறைவு. பிறகு 160, 170 டிகிரி செல்சியஸ் அடுப்பில் வேகவைத்தால் அது இரும்போடு ஒன்றாகிவிடும். கடற்கரை ஊர்களின் உப்புக் காற்றில் பல வருடம் நின்ற கார் உள்ளுக்குள் துருப்பிடிக்காமல் இருந்தால் அதற்கு முதல் காரணம் இந்தப் படலம்தான்.

மேலே பிரைமர் ஒரு 30 மைக்ரான் (சில புதிய ஆலைகளில் இந்தப் படியையே எடுத்துவிட்டார்கள்), நிறம் தரும் பேஸ் கோட் 15 மைக்ரான், பளபளப்பு தரும் கிளியர் கோட் 40 மைக்ரான் அளவில் வரும். நாம் ஆசையாகப் பார்த்து ரசிக்கும் அந்தச் சிவப்போ நீலமோ மொத்தக் கனத்தில் மிகச் சின்னப் பங்கு.

சரி, இடித்த கார் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தால்? அங்கே தொட்டியும் இல்லை, அந்த அடுப்பும் இல்லை. முழு காரை 170 டிகிரியில் வைத்தால் டேஷ்போர்டும் ஒயரும் உருகிப் போகும். அதனால் பெயிண்டை இறுகவைக்கும் ஹார்டனர் கலந்து அடித்து, நல்ல பெயிண்ட் பூத் (மூடிய அறை) இருந்தால் 60 டிகிரி சூட்டில் காயவைப்பார்கள். டிங்கர் தட்டி நிமிர்த்திய தகட்டில் மேடு பள்ளம் இருக்கும் என்பதால் முதலில் பட்டி பூசித் தேய்ப்பார்கள். அதற்கு மேல் பிரைமர், கலர், கிளியர். ஆக, மறுபடி அடித்த பெயிண்ட் பெரும்பாலும் கனமாகவே இருக்கும்.

கருவி இதை அளக்கும் விதம் எளிமையானது. அதன் முனையில் ஒரு கம்பிச் சுருள் காந்தப்புலத்தை உண்டாக்கும். இரும்பு அருகில் இருந்தால் அந்தப் புலம் வலுக்கும். பெயிண்ட் இடையில் நின்று இரும்பைத் தள்ளி வைத்தால் வலு குறையும். எவ்வளவு குறைந்தது என்பதிலிருந்து இடைவெளியைக் கணக்கிடுகிறது. சில கார்களில் பானெட் அலுமினியம். அது காந்தத்துக்கு மசியாது. அங்கே கருவி அதிவேகமாக மாறும் புலத்தை அனுப்பி, அலுமினியத்துக்குள் சுழல் மின்னோட்டத்தைத் தூண்டி, அதன் எதிர்விளைவை அளக்கும். பிளாஸ்டிக் பம்பரில் இரண்டும் வேலை செய்யாது.

ஐந்து வயதுள்ள ஒரு சில்வர் நிறக் காரைச் சுற்றி வருகிறோம் என்று வைத்துக்கொள்வோம். பானெட்டில் ஐந்து இடம்: 112, 118, 121, 115, 119. ரூஃப்: 108, 114. வலப்பக்கக் கதவுகளும் அதே ரகம். இடது முன்கதவில் 240, 255, 248. இந்தக் கதவுக்கு ஒரு தடவை பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். எண்கள் சீராக இருப்பதால் பட்டி இல்லை, கீறல் விழுந்து அடித்ததாக இருக்கலாம். பின் ஃபெண்டரில் 310, பக்கத்திலேயே 900, கொஞ்சம் கீழே 1400. இங்கே பட்டி இருக்கிறது. பள்ளத்தை நிரப்பியதால்தான் இடத்துக்கு இடம் எண் குதிக்கிறது. எந்த இடத்திலும் ஒரு தனி எண்ணை நம்ப வேண்டாம். பக்கத்துப் பக்கத்து எண்கள் எப்படி மாறுகின்றன என்று பாருங்கள்.

எண் கூடினாலே விபத்து என்று முடிவு கட்டுவதும் தவறு. ஆலையிலேயே குறை கண்டு ஒரு பேனலுக்கு மறுபடி அடித்து அனுப்புவதுண்டு. பெயிண்டைக் காக்க ஒட்டும் பிபிஎஃப் ஃபிலிம் மட்டுமே 150 முதல் 200 மைக்ரான் வரை இருக்கும். அது ஒட்டிய புத்தம்புது கார்கூட 300 காட்டும். எண் மிகவும் குறைந்தாலும் கவனிக்க வேண்டும். பானெட்டில் 70 என்று காட்டி மற்ற இடமெல்லாம் 115 என்றால், பளபளப்புக்காகத் திரும்பத் திரும்ப ரப்பிங், பாலிஷ் போட்டுக் கிளியர் கோட்டைத் தேய்த்திருப்பார்கள். புற ஊதாக் கதிரை உறிஞ்சும் வேதிப்பொருள் அந்தக் கிளியர் கோட்டில்தான் இருக்கிறது. அது மெலிந்த வண்டி நம் ஊர் வெயிலில் சீக்கிரம் வெளுத்துத் தோல் உரியும்.

கருவி கைவசம் இல்லையென்றால் மெட்டாலிக் நிறக் கார்களில் கண்ணே பாதி வேலை செய்யும். பேஸ் கோட்டுக்குள் இருக்கும் அலுமினியச் செதில்கள் மீன் செதிள் போலப் படுத்துக் கிடந்தால் நேரே பார்க்கும்போது பளிச்சென்றும், சாய்வாகப் பார்க்கும்போது இருண்டும் தெரியும். அவை எப்படிப் படுக்கும் என்பது கன் எவ்வளவு தூரத்தில் இருந்தது, காற்றழுத்தம் என்ன, பெயிண்ட் எவ்வளவு வேகமாகக் காய்ந்தது என்பதையெல்லாம் பொறுத்தது. அதே கலர் நம்பர், அதே டின் என்றாலும் கதவும் ஃபெண்டரும் ஒரு கோணத்தில் ஒத்துப்போய் இன்னொரு கோணத்தில் பிரிந்து தெரிவது இதனால்தான். அதனால் காரைக் காலை வெயிலில், முன்னால் இருந்தும் பின்னால் இருந்தும் சாய்வாகப் பார்க்க வேண்டும். ஷோரூம் விளக்கிலோ இரவிலோ பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

கதவோ ஃபெண்டரோ மறுபடி பெயிண்ட் அடித்திருந்தால் அதற்காக நல்ல வண்டியை விட்டுவிட வேண்டாம் என்பது என் கருத்து. நகரத்தில் ஓடும் காருக்குக் கீறல் விழத்தான் செய்யும். விலையில் கொஞ்சம் குறைத்துக் கேளுங்கள், போதும். பார்த்தே ஆக வேண்டிய இடங்கள் வேறு: கதவைத் திறந்தால் தெரியும் பில்லர், கதவுக்குக் கீழே ஓடும் சில், டிக்கியில் ஸ்டெப்னி இருக்கும் குழி, பானெட்டுக்கு அடியில் இருபக்கமும் நீளும் சேஸிஸ் கை. இங்கெல்லாம் கம்பெனி பெயிண்ட் வெளிப்புறத்தைவிட மெல்லியதாகவே இருக்கும். கிளியர் கோட்கூடச் சரியாக எட்டியிருக்காது. இந்த இடத்தில் 400 காட்டினால் யாரோ வெட்டி, வெல்டிங் வைத்து, மறைத்திருக்கிறார்கள் என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

அந்த வெல்டிங் சூட்டில் பொந்துக்குள் இருந்த இ-கோட் எரிந்து போயிருக்கும். அதைத் திரும்பப் பூச எந்த ஸ்ப்ரே கன்னாலும் முடியாது. துரு உள்ளிருந்து கிளம்பும். அதைவிட மோசமானது, பல புதிய கார்களின் நடு பில்லர் போரான் கலந்த எஃகு. சிவக்கக் காய்ச்சி, அச்சில் அழுத்தி, அச்சுக்குள்ளேயே சட்டென்று குளிரவைத்து அதற்கு உறுதி ஏற்றியிருப்பார்கள். கேஸ் வைத்துச் சூடாக்கி நிமிர்த்தினால் அந்த உறுதி போய்விடும். அடுத்த முறை பக்கவாட்டில் இடி விழுந்தால் அந்தப் பில்லர் உள்ளே இருப்பவரைக் காப்பாற்றாமல் மடங்கும். அப்படி ஒரு வண்டியை எந்த விலைக்குக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். விற்பவர் நீங்களாக இருந்தால், பில்லரில் கை வைத்த விவரத்தை முதல் பேச்சிலேயே சொல்லிவிடுங்கள். வாங்குகிறவர் தன் பிள்ளைகளை அந்தப் பக்கக் கதவோரம்தான் உட்காரவைக்கப் போகிறார்.