காரே காட்டிக் கொடுத்தால்

செங்கல்பட்டைத் தாண்டித் திண்டிவனம் நோக்கி நண்பரின் புதிய காரில் சென்றுகொண்டிருந்தபோது, வேகமானிக்குப் பக்கத்தில் இருந்த சிறு திரையில் திடீரென்று சிவப்பு வட்டத்துக்குள் 40 என்ற எண் தோன்றியது. கார் ‘பீப்’ என்று கத்தத் தொடங்கியது. நான்கு வழிச் சாலையில், கண்ணுக்கு எட்டிய தூரம்வரை அப்படியொரு பலகை இல்லை. முன்னால் சென்ற லாரியின் பின்கதவில், ‘ஹாரன் அடிக்கவும்’ என்ற வாசகத்துக்குக் கீழே, வட்டம் போட்டு 40 என்று பெயின்டில் எழுதியிருந்தார்கள். காரின் கேமரா அதைச் சாலைப் பலகை என்று படித்துவிட்டது. நண்பர் சிரித்துக்கொண்டே லாரியை முந்தினார்; எண் மறைந்தது. அந்த ஒரு வாசிப்பு திரையோடு நில்லாமல், ‘40 வரம்புள்ள இடத்தில் 80’ என்று காவல்துறையின் கணினிக்கும் போயிருந்தால், மாமண்டூரில் டீ குடித்து முடிப்பதற்குள் அவருடைய கைப்பேசிக்குச் சலான் வந்திருக்கும்.

இது வெறும் கற்பனைக் கவலை அல்ல. 2024 ஜூலை 7 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கப்படும் ஒவ்வொரு புதிய காரிலும், சாலையின் வேக வரம்பை அறிந்து, அதை மீறினால் ஓட்டுநரை உணர்த்தும் கருவி கட்டாயமாகியிருக்கிறது. இந்தியாவில் 2019 ஜூலை முதல் தயாராகும் கார்கள் 80 கிலோமீட்டரைத் தாண்டினால் விட்டுவிட்டும், 120-ஐத் தாண்டினால் இடைவிடாமலும் ஒலிக்கின்றன. இன்றைய கார்கள் பலவற்றுள் சிம் கார்டும் இருக்கிறது. ஆகவே, தன் ஓட்டுநர் விதியை மீறியதைக் காரே புகாராக அனுப்ப, பெரிய கண்டுபிடிப்பு எதுவும் தேவையில்லை. அனுப்பலாமா என்ற கேள்விக்கு விடை தேடுமுன், காருக்கு உண்மையில் என்ன தெரியும் என்பதைப் பார்க்க வேண்டும்.

முதலில் வேகம். ஒவ்வொரு சக்கரத்தின் அச்சிலும், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ். பிரேக்குக்காகப் பல்வளையம் ஒன்றும், அதன் பற்கள் கடந்து செல்வதை எண்ணும் சென்சார் ஒன்றும் இருக்கின்றன. வளையத்தில் 48 பற்கள் என்றும் டயரின் சுற்றளவு 1.95 மீட்டர் என்றும் வைத்துக்கொண்டால், 60 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்கு ஏறத்தாழ 410 துடிப்புகள் வரும். கார் அளப்பது இந்தச் சுழற்சியை மட்டுமே; சாலையில் கடந்த தூரத்தை அது கணக்குப் போட்டுத்தான் அறிகிறது. டயர் தேய்ந்து ஆரம் 6 மில்லிமீட்டர் குறைந்துவிட்டால், அதே வேகத்துக்குச் சக்கரம் சுமார் 2 விழுக்காடு கூடுதலாகச் சுழலும். காரும் தான் வேகமாகப் போவதாக நினைத்துக்கொள்ளும். போதாக்குறைக்கு, வேகமானி உண்மையைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது, கூட்டிக் காட்டினால் உண்மை வேகத்தின் பத்தில் ஒரு பங்குடன் 4 கிலோமீட்டர் வரை போகலாம் என்று ஐ.நா.வின் 39-ஆம் எண் வாகன ஒழுங்குமுறை சொல்கிறது. அதன்படி, உண்மையில் 80-இல் செல்லும் காரின் முள் 92-ஐக் காட்டினாலும் அது சட்டப்படி சரியான வேகமானிதான். ஜி.பி.எஸ். வழியாக அளக்கும் வேகம் திறந்த வெளியில் இதைவிடத் துல்லியமானது; எனவே, இரண்டையும் ஒப்பிட்டுத் திருத்திக்கொண்டால் வேகத்தைப் பொறுத்தவரை பெரிய சிக்கல் இல்லை என்றே சொல்லலாம்.

சிக்கல் வேக வரம்பில் இருக்கிறது. வரம்பு என்பது இயற்கையில் அளக்கக் கிடைக்கும் பொருள் அல்ல. அது ஓர் அரசாணை. அதை அறிந்துகொள்ளக் காருக்கு இரண்டே வழிகள்: வரைபடம், கேமரா.

வரைபட முறையில், ஜி.பி.எஸ். தரும் இடத்தை வைத்து, கார் எந்தச் சாலையில் நிற்கிறது என்பதை மென்பொருள் ஊகிக்கிறது. திறந்த வானத்தின் கீழ்கூட அந்த இடத்தில் சில மீட்டர் பிழை இருக்கும். நெடுஞ்சாலைக்கும் அதை ஒட்டி ஓடும் சர்வீஸ் ரோட்டுக்கும் இடையே பல ஊர்களில் ஓர் இரும்புத் தடுப்பும் ஒரு வரிசை அரளிச் செடியும்தான் இருக்கின்றன. ஒன்றில் 100 போகலாம், மற்றதில் 40-தான். கத்திப்பாரா போன்ற இடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாலைகள் கடக்கின்றன, ஜி.பி.எஸ்.ஸில் உயரத்தின் பிழையோ கிடைமட்டப் பிழையைவிடவும் அதிகம். கார் எங்கிருந்து வந்தது, எந்தப் பக்கம் திரும்பியது என்பதையும் சேர்த்து எடைபோட்டு, எந்தச் சாலைக்கு வாய்ப்பு அதிகம் என்று மென்பொருள் முடிவு செய்கிறது. பெரும்பாலும் அது சரியாகவே இருக்கும். ஆனால் சாலைப் பணிக்காக நேற்றிரவு வைத்த தற்காலிகப் பலகை வரைபடத்தில் இருக்காது. போன மாதம் எடுத்துவிட்ட பலகை இன்னும் இருக்கும்.

கேமரா இந்தக் குறையை நிரப்ப வந்தது. ஆயிரக்கணக்கான படங்களைக் காட்டிப் பழக்கப்பட்ட, நரம்பு வலையமைப்பு எனப்படும் மென்பொருள், வட்டம், சிவப்பு விளிம்பு, எண்ணின் வடிவம் ஆகியவற்றைக் கொண்டு பலகையை அடையாளம் காண்கிறது. அந்தப் பலகை யாருக்கு உரியது என்பதை வடிவம் மட்டும் சொல்வதில்லை. பிரிந்து செல்லும் கிளைச்சாலைக்கான பலகை, ‘பள்ளி நேரத்தில் மட்டும்’ என்று கீழே குறிப்பு எழுதிய பலகை, புளியங்கிளை பாதி மறைத்த பலகை, லாரியின் முதுகில் இருக்கும் எண் ஆகிய எல்லாமே அதற்கு ஒன்றுதான். 2020-இல் கணினிப் பாதுகாப்பு நிறுவனமான மெக்காஃபியின் ஆய்வாளர்கள், மணிக்கு 35 மைல் என்ற பலகையில் 3 என்ற எண்ணின் நடுக்கோட்டைக் கறுப்பு டேப்பால் சற்றே நீட்டி ஒட்டினார்கள். மனிதக் கண்ணுக்கு அது 35 ஆகவே தெரிந்தது. 2016-ஆம் ஆண்டு மாடல் டெஸ்லா கார்களின் கேமரா அதை 85 என்று படித்தது. அங்கே வரம்பு கூடியது. இதே வேலையை எதிர்த்திசையில் செய்து, ஒரு தெருவில் வரும் கார்களையெல்லாம் குற்றவாளியாக்கவும் ஒருவர் முயலலாம்.

ஐரோப்பிய விதிமுறை இந்தக் குறைகளை ஒளிக்கவில்லை. வேக உதவிக் கருவிக்கு ஒப்புதல் பெற, சோதனை ஓட்டத்தின் தூரத்தில் 90 விழுக்காட்டில் அது வரம்பைச் சரியாகச் சொன்னால் போதும் என்று வைத்திருக்கிறார்கள். ஆலோசனை சொல்லும் கருவிக்கு அது நியாயமான அளவுகோல்தான். தவறாகக் கத்தினால் ஓட்டுநர் ஒருமுறை முகம் சுளிப்பார், அவ்வளவே. இன்னும் தாராளமாக 99.9 விழுக்காடு துல்லியம் என்றே வைத்துக்கொள்வோம். ஒரு நகரில் பத்து லட்சம் கார்கள் ஓடி, ஒவ்வொன்றும் நாளுக்கு இருபது பலகைகளைப் படித்தால், இரண்டு கோடி வாசிப்புகள். அவற்றில் நாள்தோறும் இருபதாயிரம் பிழையானவை. அவற்றில் கால்வாசி சலானாக மாறினாலும், ஒவ்வொரு நாளும் குற்றம் செய்யாத ஐயாயிரம் பேர் தங்கள் தரப்பை விளக்க வரிசையில் நிற்க வேண்டும்.

சாலையோர வேகக் கேமராவில் மட்டும் பிழை இல்லையா என்று கேட்கலாம். உண்டு, அதனால்தான் அதைச் சுற்றி வேலி போட்டிருக்கிறார்கள். அது ஓரிடத்தில் நிற்கிறது, அந்த இடத்தின் வரம்பு என்ன என்பதில் ஐயமில்லை, குறித்த காலத்தில் அதைச் சோதித்து முத்திரை இடுகிறார்கள். ஜெர்மனியில் அளந்த வேகம் 100-க்குள் இருந்தால் 3 கிலோமீட்டரையும், அதற்கு மேல் 3 விழுக்காட்டையும் ஓட்டுநருக்குச் சாதகமாகக் கழித்த பிறகே அபராதம் விதிக்கிறார்கள். அவ்வளவு செய்தும், 2019-இல் அந்நாட்டின் சார்லாந்து மாநில அரசியலமைப்பு நீதிமன்றம், மூல அளவீடுகளைச் சேமித்து வைக்காத ஒரு வேகக் கேமராவின் முடிவைச் சாட்சியமாக ஏற்க மறுத்தது. எப்படிக் கணக்குப் போட்டாய் என்று திருப்பிக் கேட்க முடியாத கருவியை வைத்து ஒருவரைத் தண்டிக்கக் கூடாது என்பதே அதன் சாரம். டயர் தேய்ந்த, கண்ணாடியில் புழுதி படிந்த, யாரும் முத்திரையிடாத கார் இந்தச் சோதனையில் தேறாது.

சீட் பெல்ட் அணியாதது போன்ற சிலவற்றைக் கார் ஐயமின்றி அறியும். அப்போதும் அதற்குத் தெரிவது இருக்கையில் யாரோ இருக்கிறார் என்பது மட்டுமே. அது உரிமையாளரா, அவருடைய மைத்துனரா, சம்பளத்துக்கு ஓட்டும் ஓட்டுநரா என்பது தெரியாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 133-ஆம் பிரிவு, ஓட்டியவர் யார் என்பதைச் சொல்லும் கடமையை உரிமையாளர் மீது வைத்திருப்பது இதனால்தான். தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லும்படி குற்றம் சாட்டப்பட்டவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்னும் அரசியலமைப்பின் 20(3) பிரிவைச் சிலர் இங்கே மேற்கோள் காட்டுவதுண்டு. அந்த வாதம் நிற்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. கைரேகை தருவது சாட்சி சொல்வதாகாது என்று 1961-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சக்கரத்தின் துடிப்பும் ஏறக்குறைய அந்த வகைதான்.

காரே புகார் அனுப்பட்டும் என்பவர்களின் வலுவான வாதம் வேறு இடத்தில் இருக்கிறது. சராசரி வேகம் 1 விழுக்காடு கூடினால் உயிர்ப்பலி விபத்துக்கான வாய்ப்பு 4 விழுக்காடு கூடுகிறது என்பது உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்ட கணக்கு. 2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர்; பத்தில் ஏழு மரணங்களுக்கு அதிவேகமே காரணம் என்று மத்திய அரசின் அறிக்கை பதிவு செய்திருக்கிறது. இந்தப் பட்டியலுக்கு முன்னால் தனியுரிமை பேசுவது சற்றுக் கூச்சம் தரும் செயல்தான். இருந்தாலும், உயிரைக் காப்பது வேகம் குறைகிற அந்த நொடி. பின்னால் வரும் சலான் அல்ல. ஆக்சிலரேட்டர் மிதியை எதிர்த்து அழுத்தியோ ஒலியெழுப்பியோ கார் அங்கேயே ஓட்டுநரைத் தடுக்கும்போது, அந்தச் செய்தி காரை விட்டு வெளியே போகத் தேவையே இல்லை. ஐரோப்பியக் கருவி அப்படித்தான் அமைக்கப்பட்டிருக்கிறது. விபத்துக்கு முந்தைய ஐந்து நொடிகளைப் பதியும் கறுப்புப் பெட்டியும் அங்கே கட்டாயம். ஆனால் எந்தக் கார் என்று தெரிந்துவிடாதபடி, வாகன அடையாள எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களை அது பதியக் கூடாது.

வெளியே போகும் தகவல் காவல்துறையோடு நிற்காது என்பதற்கும் சான்று இருக்கிறது. ஜெனரல் மோட்டார்ஸ் கார்கள், ஓட்டுநர் எப்போது திடீரென பிரேக் பிடித்தார், எங்கே வேகமாகப் போனார் என்பவற்றைத் திரட்டியதும், அவை தரகு நிறுவனங்கள் வழியாகக் காப்பீட்டாளர்களுக்குப் போனதும் 2024-இல் அமெரிக்காவில் வெளிவந்தன. காரணம் புரியாமல் பிரீமியம் உயர்ந்த பிறகுதான் பலருக்கு விஷயமே தெரிந்தது. அந்நிறுவனம் ஐந்தாண்டுகளுக்கு அத்தகைய தகவலை, நுகர்வோரைப் பற்றிய விவரங்களைத் திரட்டி விற்கும் நிறுவனங்களுக்குத் தரக் கூடாது என்று 2025 ஜனவரியில் கூட்டாட்சி வணிக ஆணையம் நடவடிக்கை எடுத்தது.

வாகனமே காவல்துறையிடம் பேசும் முறை ஓரிடத்தில் ஏற்கெனவே நடைமுறையில் இருக்கிறது. ஐரோப்பியக் கனரக லாரிகளில், ஓட்டுநர் எத்தனை மணி நேரம் ஓட்டினார், எப்போது ஓய்வெடுத்தார், எவ்வளவு வேகத்தில் போனார் என்பதைப் பதியும் டாக்கோகிராஃப் என்ற கருவி உண்டு. 2019-க்குப் பிறகு வந்தவற்றில் குறுந்தூர ரேடியோ இணைப்பும் சேர்ந்திருக்கிறது. சாலையோரம் நிற்கும் சோதனை அதிகாரி, ஓடிக்கொண்டிருக்கும் லாரியை நிறுத்தாமலேயே, கருவியில் முறைகேடு செய்ததற்கான அடையாளம் இருக்கிறதா, வேகம் மீறப்பட்டதா என்று படித்துவிடலாம். அதற்கு அடிப்படையான, ஐரோப்பிய ஒன்றியத்தின் 2014-ஆம் ஆண்டு 165-ஆம் எண் ஒழுங்குமுறை, அப்படிப் படித்த தகவல் எந்த நிலையிலும் தானியங்கி அபராதத்துக்கு வழிவகுக்கக் கூடாது என்று வெளிப்படையாகவே சொல்கிறது. எந்த லாரியை நிறுத்துவது என்று தேர்ந்தெடுக்க மட்டுமே அது பயன்பட வேண்டும். ஐயம் எழுந்தால் அதிகாரி கை காட்டி லாரியை ஓரங்கட்டச் சொல்கிறார். ஓட்டுநர் இறங்கி வருகிறார். கருவியைத் திறந்து இருவரும் சேர்ந்து பார்க்கிறார்கள்.